முகம் தெரியாத துக்கம்: எட்வர்ட் மூங்க் நினைவை வரைந்த விதம்

வாட்ஸ்அப்பில் அதிர்ச்சியான சேதி வந்தால் நாம் சட்டென்று தட்டிவிடும் ஒரு முகம் உண்டு. கன்னத்தில் இரு கைகளையும் வைத்து வாயைப் பிளந்த முகம். அதைப் பார்த்ததும் பலருக்கு நினைவு வருவது, நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-இல் வரைந்த ‘அலறல்’. அந்த ஓவியத்தின் 1895-ஆம் ஆண்டு பேஸ்டல் (வண்ணக்கட்டியால் வரைந்த) வடிவம் 2012 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 12 கோடி டாலருக்குப் போனது. அப்புறம் 2021-இல் இன்னொரு செய்தி. 1893-ஆம் ஆண்டுப் படத்தின் இடது மேல் மூலையில், பென்சிலால் பொடி எழுத்தில், ‘பைத்தியக்காரன் ஒருவனால்தான் இதை வரைந்திருக்க முடியும்’ என்று எழுதியிருப்பது வெகுகாலமாகத் தெரிந்ததுதான். அது யாரோ ஒரு பார்வையாளரின் குறும்பு இல்லை, மூங்கின் கையெழுத்தேதான் என்று அகச்சிவப்புப் படம் எடுத்து நார்வே தேசிய அருங்காட்சியகம் அறிவித்தது.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது: இதில் அப்படி என்ன இருக்கிறது? சின்னப்பிள்ளை கிறுக்கினது போலத்தானே இருக்கிறது?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ‘அலறல்’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்னால் அவர் தொடங்கிய ஒரு நோயாளி அறையின் படத்திலிருந்து வர வேண்டும்.

படத்தில் உணர்ச்சி எங்கே இருக்கிறது?

ஒரு சோகத்தையோ பயத்தையோ படத்தில் கொண்டுவர ஓவியரிடம் உள்ள வழிகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

1. முகமும் சைகையும். அழுகிற கண், தலையில் வைத்த கை.

2. குறிப்பால் உணர்த்தும் பொருள்கள். வாடிய பூ, அணைந்த விளக்கு, மருந்துப் புட்டி.

3. படத்தின் அமைப்பும் பரப்பும். யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது, எந்த நிறம் எதன் பக்கத்தில் இருக்கிறது, வர்ணம் வழவழப்பாகப் பூசப்பட்டதா, சுரண்டப்பட்டதா.

முதல் இரண்டையும் நாம் வாசித்துப் புரிந்துகொள்கிறோம். கண்ணீர் என்றால் சோகம், வாடிய பூ என்றால் மரணம். மூன்றாவதை யாரும் வாசிப்பதில்லை. அது பார்த்த மாத்திரத்தில் வேலை செய்துவிடும், காரணம் பிறகுதான் தெரியும். மூங்கின் வாழ்நாள் வேலையை ஒரு வரியில் சொல்வதானால், முதலிரண்டையும் குறைத்துக் குறைத்து மூன்றாவதின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றியதுதான். அவருடைய முக்கியமான துக்கப் படங்களில் துக்கப்படுகிறவரின் முகத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது.

அந்த வீடு

மூங்க் பிறந்தது 1863 டிசம்பர் 12. வளர்ந்தது இன்று ஓஸ்லோ என்று வழங்கும் கிறிஸ்டியானியாவில். அப்பா ராணுவ மருத்துவர், தீவிரமான தெய்வபக்தி உள்ளவர். மூங்குக்கு ஐந்து வயதானபோது, 1868-இல், அம்மா காசநோயில் இறந்தார். அதன்பின் அம்மாவின் தங்கையான சித்தி காரென் வந்து ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார். 1877-இல் அக்கா சோஃபியும் அதே நோயில் போனாள். அவளுக்குப் பதினைந்து வயது, தம்பிக்குப் பதிமூன்று.

அந்தக் காலத்தில் இது அபூர்வமான சோகம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்ததே 1882-இல்தான். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். ஐரோப்பிய நகரங்களில் காசநோய்க்கு ஒரு பிள்ளையைக் கொடுத்த வீடுகள் ஏராளம். மூங்கின் குடும்பத்தில் நடந்தது தெருவுக்குத் தெரு நடந்ததுதான். அதனால்தான் 1880-களில் நார்வே ஓவியர்கள் பலர் தலையணையில் சாய்ந்த நோயாளிகளை வரைந்தார்கள். அந்தக் காலகட்டத்தை மூங்கே பின்னாளில் ‘தலையணைக் காலம்’ என்று குறிப்பிட்டிருக்கிறார்.

இரண்டு நோயாளிச் சிறுமிகள்

அன்றைய நார்வேயில் கோலோச்சிய போக்கு இயல்புவாதம். கண் முன்னால் இருப்பதை, அழகுபடுத்தாமல், அப்படியே வரைவது. அதன் முன்னோடி கிறிஸ்டியன் க்ரோக். இளம் மூங்கும் அவருடைய நண்பர்களும் வாடகைக்கு எடுத்த ஓவியக்கூடத்துக்கு வந்து அவர்களுடைய படங்களைத் திருத்திக் கொடுத்தவர். க்ரோகும் தன் சகோதரியைக் காசநோய்க்கு இழந்தவர்தான். 1881-இல் அவர் முடித்த ‘நோயாளிச் சிறுமி’ இன்று ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்காலியில் வெள்ளைத் தலையணையில் சாய்ந்து, போர்வை போர்த்திய ஒரு பெண் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். கையில் வாடும் ரோஜா. துணியின் மடிப்பு, விரலின் எலும்பு, கண்ணின் ஈரம் எல்லாம் துல்லியம். அபாரமான படம். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் நம் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1885-இல், மூங்க் அதே பொருளை எடுத்தார். அவர் படமும் இன்று ‘நோயாளிச் சிறுமி’ என்றே அறியப்படுகிறது. ஏறக்குறைய சதுரமான படம், பக்கத்துக்கு நாலடி. செம்பட்டை முடிச் சிறுமி பெரிய தலையணையில் சாய்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வலப்பக்கத்துக் கருந்திரையை நோக்கியிருக்கிறாள். அருகில் ஒரு பெண்மணி. தலை முழுக்கக் கவிழ்ந்திருப்பதால் முகம் தெரிவதில்லை, வகிடெடுத்த உச்சந்தலைதான் தெரிகிறது. இருவருடைய கைகளும் படத்தின் நடுவில் சேர்கின்றன. சேரும் இடத்தில் விரல்களே இல்லை, வெறும் வர்ணக் குழம்பல். ஒரு ஓரத்தில் மருந்துப் புட்டி, இன்னொரு ஓரத்தில் தண்ணீர்க் குவளை. மீதி எல்லாம் பச்சையும் சாம்பலும் கலந்த மங்கல்.

இந்த மங்கல் எப்படி வந்தது என்பதுதான் விஷயமே. எதிரில் உட்கார்ந்தவள் சோஃபி இல்லை. அவள் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வேறொரு சிறுமியை மாடலாக உட்காரவைத்தார். பெண்மணிக்கு சித்தி காரெனே உட்கார்ந்தார். ஆக, கண்ணுக்கு முன்னால் ஒருத்தி, மனதில் வேறொருத்தி. ஓராண்டுக் காலம் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்ததாகவும், சுரண்டியதாகவும், வர்ணத்தைக் கரைத்து ஓடவிட்டதாகவும், முதலில் மனதில் பதிந்ததைப் பிடிக்க மறுபடி மறுபடி முயன்றதாகவும் மூங்க் பிற்காலத்தில் எழுதினார். எதிரே இருந்த சிறுமி துல்லியமாக வந்துவிட்டால் சோஃபி போய்விடுவாள். எனவே அவளை அழித்து அழித்துத்தான் அக்காவைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. படத்தின் மேல் இன்றும் தெரியும் கீறல்கள் அந்த வேலையின் தடங்கள்.

இன்னொரு நுணுக்கம், எனக்கு மிகவும் பிடித்தது: பார்த்தபோது தன் கண்ணிமை மயிர்களும் காட்சியில் கலந்திருந்தன என்று உணர்ந்து, அவற்றையும் நிழல்போலப் படத்தின் மேல் வரைந்ததாக அவர் சொல்கிறார். க்ரோக் படத்தில் நாம் நோயாளியைப் பார்க்கிறோம். மூங்க் படத்தில் நோயாளியைப் பார்த்த பதிமூன்று வயதுப் பையனின் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். பாதி மூடிய கண், அல்லது நீர் நிறைந்த கண்.

இங்கே ‘நினைவு’ என்பதன் இயல்பையும் சொல்லிவிடலாம். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காட்சியில் நமக்கு எல்லாம் சம அளவில் நிற்பதில்லை. தலையணையின் வெள்ளை நிற்கும், புட்டி நிற்கும். சுவரில் என்ன மாட்டியிருந்தது என்று கேட்டால் தெரியாது. மூங்க் இந்த ஏற்றத்தாழ்வையே வரையும் முறையாக ஆக்கிக்கொண்டார். ‘நான் காண்பதை வரைவதில்லை, கண்டதை வரைகிறேன்’ என்று 1890 வாக்கில் குறித்துவைத்தார்.

படம் 1886 இலையுதிர்காலக் கண்காட்சியில் ‘பயிற்சி’ என்ற தலைப்பில் வைக்கப்பட்டது. முடிக்காத படம் என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். ஒருவகையில் அவர்கள் கண்டது சரிதான். முடித்திருந்தால் அது வேறு படமாகியிருக்கும்.

‘ஒழுங்காக’ வரைந்திருந்தால்?

வேறு படம் எப்படியிருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, மூங்கே வரைந்து காட்டிவிட்டார். 1889-இல் ‘வசந்தம்’ என்று ஒரு பெரிய படம். அதே நோயாளிப் பெண், அதே தலையணை, பக்கத்தில் பின்னலாடையும் கையுமாக மூத்த பெண்மணி. ஆனால் வெயில் வரும் ஜன்னல், காற்றில் எழும்பும் திரை, பூத்தொட்டிகள், பளபளக்கும் மரச்சாமான்கள் எல்லாம் இயல்புவாத இலக்கணப்படி கச்சிதம். அதே ஆண்டு தனிக் கண்காட்சியில் வைத்தார். அரசு உதவித்தொகையும் கிடைத்தது, அதைக் கொண்டு பாரிஸ் போனார்.

இரண்டு படங்களும் ஒரே அருங்காட்சியகத்தில் இருப்பதால் ஒப்பிடுவது சுலபம். ‘வசந்தம்’ எனக்கு மிக நல்ல அறையாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். திரைச்சீலையின் அழகில் கண் போய்விடுகிறது. சிறுமி சாகப்போகிறாள் என்பது ஒரு தகவலாக வந்து சேர்கிறது. திறமை இல்லாததால் கிறுக்கினார் என்ற வாதத்துக்கும் இந்தப் படம் ஒன்றே போதுமான பதில்.

இறந்த அப்பா பிரார்த்தனை செய்யும் அறை

1893-இல் அதே மரணத்தை இன்னொரு கோணத்தில் எடுத்தார்: ‘நோயறையில் மரணம்’. இதில் சாகிற பெண்ணே தெரிவதில்லை. பின்னால் ஒரு நாற்காலி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அதில் சோஃபி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊகிக்கத்தான் முடியும். சித்தி நாற்காலியைப் பிடித்துக் குனிந்திருக்கிறார். அப்பா கைகூப்பியிருக்கிறார். முன்புறம் மூங்கும் தங்கைகள் இருவரும் ஒரு கொத்தாக. தம்பி தனியே வாசல் பக்கம். ஒருவரும் இன்னொருவரைப் பார்ப்பதில்லை. நடுவில் பெரிய, காலியான தரை.

இந்தப் படத்தில் ஒரு காலக்கணக்குப் பிழை இருக்கிறது. வேண்டுமென்றே செய்தது.

1. சோஃபி இறந்தபோது மூங்குக்குப் பதிமூன்று வயது, தங்கைகள் பத்து வயதுக்கு மேல் போகாத சிறுமிகள். படத்தில் எல்லாரும் வளர்ந்த பெரியவர்கள். அதாவது 1893-இல் அவர்கள் எப்படி இருந்தார்களோ அப்படி.

2. அப்பா 1889-இலேயே இறந்துவிட்டார். ஆனால் படத்தில் நின்று பிரார்த்தனை செய்கிறார்.

1877-இல் நடந்ததன் பதிவாக இதை எடுத்துக்கொண்டால் தப்பு. அந்த மரணத்தை இன்னும் இறக்கிவைக்காமல் சுமக்கும் குடும்பம் என்று எடுத்துக்கொண்டால் சரி. பதினாறு ஆண்டுகள் கழிந்தும் எல்லாரும் அதே அறையில்தான் நிற்கிறார்கள். இறந்துபோனவரும் சேர்த்து. கண்ணீர் என்று ஒரு துளி இல்லை. ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் உள்ள அந்த இடைவெளி தாங்க முடியாததாக இருக்கிறது. ஒரே வீட்டில் துக்கம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஆக்கிவிடும் என்பது சாவு வீட்டில் ராத்தங்கிய எவருக்கும் தெரியும். அதைச் சொல்ல மூங்குக்கு ஒரு முகபாவமும் தேவைப்படவில்லை.

சரி, இப்போது ‘அலறல்’

இவ்வளவு தூரம் வந்தபின் இந்தப் படம் புதிராக இருக்காது. 1892 ஜனவரி 22 தேதியிட்ட குறிப்பில் மூங்க் எழுதியதன் சாரம்: இரண்டு நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தேன், சூரியன் மறைந்தது, வானம் ரத்தச் சிவப்பானது, களைத்துப்போய் வேலியில் சாய்ந்தேன், நண்பர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், பயத்தில் நடுங்கி நின்றேன், இயற்கையின் ஊடாக முடிவில்லாத ஓர் அலறலை உணர்ந்தேன்.

ஆக, அலறுவது அந்த உருவம் இல்லை. அது காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. வெளியே இருப்பதாக அவர் உணர்ந்த ஓசையை வானத்தின் அலைகளும் கடலின் வளைவுகளும் சுமக்கின்றன. உருவத்தின் உடம்பும் அதே அலையில் வளைகிறது. வளையாதவை இரண்டு: பாலத்தின் கைப்பிடிக் கோடு, அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் நடந்துபோகும் அந்த நண்பர்கள். முகத்தில் மூக்குகூடச் சரியாக இல்லை. ஆண், பெண், வயது எதுவும் சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் நிற்கலாம், எமோஜி வரைக்கும் அது வந்து சேர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

அந்தச் சிவப்பு வானம் 1883-இல் வெடித்த கிரகடோவா எரிமலையின் தூசியால் வந்தது என்று ஒரு வாதம் உண்டு. இல்லை, வடதுருவப் பகுதிகளில் குளிர்காலத்தில் தெரியும் முத்துநிற மேகங்கள் என்று இன்னொன்று. இருக்கட்டும். அதே வானத்தின் கீழ் நடந்த இரண்டு நண்பர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதற்கு எந்த வானிலை விளக்கத்திலும் பதில் இல்லை.

மூலையில் உள்ள அந்தப் பென்சில் வரி? 1895-இல் கிறிஸ்டியானியாவில் படம் வைக்கப்பட்டபோது, மாணவர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு மருத்துவ மாணவர் மூங்கின் மனநிலையையே சந்தேகித்துப் பேசினார். அதன் பிறகு எழுதப்பட்டிருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தின் கணிப்பு. வீட்டில் ஒரு தங்கை மனநோயாளி. அந்தப் பேச்சு அவரை எங்கே குத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

மூங்குக்கு வெளியே ஓர் உதாரணம்

இது ஒரு தனி மனிதரின் விசித்திரப் பழக்கம் இல்லை என்பதற்கு ஜெர்மன் கலைஞர் கெத்தே கோல்விட்ஸின் ‘துக்கிக்கும் பெற்றோர்’ சிற்பத்தைப் பார்க்கலாம். அவருடைய இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியம் போர்முனையில் இறந்தான். வயது 18. படையில் சேர அப்பாவின் அனுமதி தேவைப்பட்டது. தயங்கிய கணவரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவர் கெத்தேதான்.

உடனே நினைவுச் சின்னம் தொடங்கினார். முதல் திட்டத்தில் பீட்டரின் உடல் கிடக்கும், பெற்றோர் அருகில் இருப்பார்கள். சரிவரவில்லை, கைவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் மறுபடி எடுத்தபோது மகனை நீக்கிவிட்டார். 1932-இல் பெல்ஜியப் போர்க் கல்லறையில் நிறுவப்பட்டபோது மண்டியிட்ட இரண்டு பேர்தான் இருந்தார்கள், தனித்தனிப் பீடங்களில். அப்பா தன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். அம்மா குனிந்திருக்கிறார். இன்று விளாட்ஸ்லோ கல்லறையில் இருக்கும் அந்தச் சிற்பத்துக்கு எதிரே வரிசையாகக் கல்லறைகள், அவற்றில் ஒன்று பீட்டருடையது. மகனைச் செதுக்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் அவர் கண்டுபிடித்த முக்கியமான விஷயம், எதை எடுத்துவிட வேண்டும் என்பது.

ஏன் ஆறு முறை?

‘நோயாளிச் சிறுமி’யை மூங்க் எண்ணெய் வர்ணத்தில் ஆறு முறை வரைந்தார். முதலாவது 1885–86, கடைசி இரண்டும் 1920-களில். நாற்பது ஆண்டுத் தொலைவு. இது துக்கமா, வியாபாரமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும்தான் என்பது நேர்மையான பதில். சில வடிவங்களை வாங்குபவர்கள் கேட்டு வரைந்தார். தன் படங்களைப் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டவர் அவர், ஒன்று விலைபோனால் அதன் இன்னொரு வடிவம் தன்னிடம் இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

ஆனால் ஆறும் ஒன்றல்ல. முதல் படத்தில் இருக்கும் கீறல்களும் மங்கலும் பின்னவற்றில் குறைந்து, நிறம் தெளிந்து, தூரிகை வீச்சு தளர்கிறது. 1896-இல் பாரிஸில் செய்த வண்ண லித்தோகிராஃப் இன்னும் சுவாரசியம். லித்தோகிராஃப் என்பது கல்லில் கொழுப்புமையால் வரைந்து, அதிலிருந்து தாளில் ஒற்றி எடுக்கும் அச்சுமுறை. நிறத்துக்கு ஒரு கல். சித்தியையும் அறையையும் விட்டுவிட்டு, சிறுமியின் தலையை மட்டும் எடுத்தார். கல்லை மாற்றாமல் மையை மட்டும் மாற்றி, சிவப்பில், மஞ்சளில், கறுப்பில் ஒற்றினார். கண்ணை மூடிக்கொண்டு விரலைக் காற்றில் அசைத்து, எந்தக் கல்லுக்கு எந்த நிறம் என்று அச்சகத்தாருக்குச் சொன்னதாக உடனிருந்த ஓவிய நண்பர் ஒருவர் பின்னாளில் ஒரு கதை சொன்னார். கோடு ஒன்றே, சிவப்பில் அவள் காய்ச்சலில் எரிகிறாள், கறுப்பில் போய்விட்டாள்.

1907-இல் வரைந்த வடிவங்களில் ஒன்றை 1928-இல் டிரெஸ்டன் அருங்காட்சியகம் வாங்கியது. 1937-இல் நாஜி அரசு ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து மூங்கின் 82 படைப்புகளை ‘சீரழிந்த கலை’ என்று சொல்லி அகற்றியது. ஆரோக்கியமான உடம்பையும் தெளிவான முகத்தையும் மட்டும் கலையாக ஏற்றுக்கொண்ட அரசுக்கு, நோயுற்ற சிறுமியும் முகமில்லாத பெண்மணியும் பொருந்தவில்லை. ஆனால் அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது, அதனால் எரிக்காமல் விற்றார்கள். நார்வே கப்பல் முதலாளி தாமஸ் ஓல்சன் அந்த டிரெஸ்டன் படத்தை வாங்கி 1939-இல் லண்டன் டேட் காட்சியகத்துக்குக் கொடுத்தார்.